முன் ஃபோர்க் ஆயில் சீல்: தருமபுரி, கிருஷ்ணகிரி வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பைக்கின் முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கால்கள்தான் ஃபோர்க். அவற்றுள் இருக்கும் எண்ணெய் வெளியே வராமல் பைப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் வளையம் ஆயில் சீல். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே "எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். ஃபோர்க் பைப் எந்த நிலையில் இருக்கிறது, வண்டிக்குப் பொருந்தும் அளவு எது என்ற இரண்டும் தெரிந்த பிறகே அந்தக் கேள்விக்கு மதிப்பு வருகிறது. ஆகவே கீழே உள்ள பதில்களில் கம்பெனிப் பெயர்களைவிடப் பைப்பைப் பற்றிய பேச்சு அதிகம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் சீல் போய்விட்டது என்று எப்படி உறுதி செய்வது?

பளபளப்பான ஃபோர்க் பைப்பை உலர்ந்த துணியால் நன்றாகத் துடையுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரைப் பத்துப் பன்னிரண்டு முறை அமுக்கி விடுங்கள். பைப்பைச் சுற்றி ஈரமான எண்ணெய் வளையம் திரண்டு, அது கீழே வழிந்தால் சீல் கசிகிறது. விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் மெல்லிய படலம் மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். சீலின் உதடு, அதாவது பைப்பைத் தொடும் உள்விளிம்பு, உலர்ந்து உராயாமலிருக்க அந்தப் படலம் தேவை.

பென்னாகரம், அஞ்செட்டிப் பக்கம் மண் சாலையில் ஓடும் வண்டிகளில் எண்ணெய் கண்ணில் படுவதற்கு முன்பே பைப்பில் செம்மண் பசையாக ஒட்டிய வளையம் தெரியும். உலர்ந்த பைப்பில் புழுதி அப்படித் தங்காது.

மேலே எண்ணெய் இல்லை. சக்கர அச்சுக்கு அருகே, ஃபோர்க்கின் அடியில் சொட்டுகிறது. அதுவும் சீல்தானா?

பெரும்பாலும் இல்லை. ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியான பாட்டம் கேஸின் அடியில், உள்ளே இருக்கும் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் ஆலன் போல்ட் ஒன்று உண்டு. அதனடியில் ஒரு செம்பு வாஷர் இருக்கும். வாஷர் நசுங்கியிருந்தாலோ போல்ட் தளர்ந்திருந்தாலோ அங்கிருந்து கசியும். மேலிருந்து வழிந்த எண்ணெயும் கடைசியில் அங்கேதான் வந்து சொட்டும் என்பதால், முழுவதும் துடைத்துவிட்டு ஒருநாள் ஓட்டிய பிறகு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். சில ரூபாய் வாஷருக்குப் பதிலாக இரண்டு பக்கமும் சீலை மாற்றிவிட்டு, அதே கசிவோடு வீடு திரும்பியவர்கள் உண்டு.

கொஞ்ச நாள் அப்படியே ஓட்டலாமா?

முன்பக்கம் டிஸ்க் பிரேக் என்றால் கூடாது. டிஸ்க் இருக்கும் பக்கத்து சீல் கசிந்தால் எண்ணெய் காலிப்பருக்கும், அதற்குள் இருந்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடுக்கும் போய்ச் சேரும். எண்ணெய் படிந்த பேடு பிடிக்காது. தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே நீண்ட இறக்கத்தில் இறங்கும் ஒருவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எண்ணெய் ஊறிய பேடைத் தேய்த்துச் சுத்தம் செய்து மீண்டும் போடச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டுப் பேடை மாற்றிவிடுங்கள். முன்பக்கம் டிரம் பிரேக் உள்ள வண்டி என்றால் ஆபத்து சற்றுக் குறைவு. ஆனாலும் எண்ணெய் குறைந்த பக்கத்தில் வண்டியை நிதானப்படுத்தும் தன்மை போய்விடும். வேகத்தடையில் இறங்கும்போது முன்பக்கம் 'டக்' என்று அடிக்கும்.

சீலை மாற்றாமல் கசிவை நிறுத்த முடியுமா?

சில சமயம் முடியும். சீலின் உதட்டுக்கும் பைப்புக்கும் நடுவே ஒரு மணல் துகள் சிக்கிக்கொண்டால் சீல் நன்றாக இருந்தாலும் கசியும். ஆயில் சீலுக்கு மேலே புழுதியைத் தடுக்கும் டஸ்ட் சீலை மெதுவாகத் தூக்கி, அங்கிருக்கும் அழுக்கைத் துடைத்துவிட்டு, மெல்லிய வழவழப்பான பிளாஸ்டிக் பட்டை ஒன்றைச் சீலுக்குள் விட்டுப் பைப்பைச் சுற்றிலும் இழுத்து வாருங்கள். துகள் வெளியே வந்துவிடும். பட்டையின் ஓரத்தில் பிசிறு இருக்கக் கூடாது. ஸ்க்ரூடிரைவர், பிளேடு, ஊசி எதுவும் அருகே வரக் கூடாது. இரண்டு முறை சுத்தம் செய்தும் கசிந்தால் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

சீலை உப்பச் செய்ய பிரேக் ஆயிலைத் தடவுவது, ஃபோர்க்குக்குள் ஏதேனும் திரவத்தை ஊற்றுவது போன்ற வைத்தியங்கள் வேண்டாம். சாதாரண பிரேக் ஆயிலும் ஃபோர்க் சீலின் நைட்ரைல் ரப்பரும் ஒத்துப்போகாதவை. இரண்டு நாள் கசிவு நின்றதுபோல் இருக்கும், பிறகு சீல் மென்மையாகிக் கிழியும்.

சரியான அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய சீலின் மேல்முகத்தில் மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 33 × 46 × 11 என்று இருந்தால், பைப்பின் விட்டம் 33 மி.மீ., சீல் உட்காரும் துளையின் விட்டம் 46 மி.மீ., சீலின் உயரம் 11 மி.மீ. மூன்றும் பொருந்த வேண்டும். "உயரம் ஒரு மில்லிதான் வித்தியாசம், உட்கார்ந்துவிடும்" என்று கடையில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உயரம் கூடினால், சீல் மேலே வராமல் பிடிக்கும் லாக் கம்பி அதன் பள்ளத்தில் உட்காராது. குறைந்தால் சீல் மேலும் கீழும் ஆடும்.

வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்குவதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 என்று கேட்டால் போதாது. பழைய மாடலில் பைப் 35 மி.மீ., 2021-இல் வந்த புதிய மாடலில் 41 மி.மீ. பஜாஜ் பல்சர் என்எஸ் 200 பல ஆண்டுகள் சாதாரண ஃபோர்க்குடன் வந்தது. 2023-இல் பைப் கீழேயும் உறை மேலேயுமாகத் தலைகீழாக இருக்கும் அப்சைடு டவுன் ஃபோர்க்குக்கு மாறியது. பெயர் ஒன்றுதான், சீல் வேறு. பழைய வண்டியை வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு வேறு மாடலின் ஃபோர்க் பொருத்தப்பட்டிருக்கலாம். ஆர்.சி. புத்தகம் அதைச் சொல்லாது, விட்டத்தை நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் கருவி சொல்லும். லேத் பட்டறை எதிலும் வெர்னியர் இருக்கும், கேட்டால் அளந்து கொடுப்பார்கள்.

அதே மூன்று அளவிலும் பேரிங் கடையில் ஆயில் சீல் மலிவாகக் கிடைக்கிறதே?

கிடைக்கும். அவை பம்ப் செட், மோட்டார், கியர் பெட்டி ஆகியவற்றில் சுழலும் தண்டுக்காகச் செய்தவை. ஃபோர்க்கில் பைப் சுழல்வதில்லை, மேலும் கீழும் ஓடுகிறது. அமுங்கும்போது உள்ளே அழுத்தமும் ஏறுகிறது. உதட்டின் வடிவமே வேறு. அளவு பொருந்துகிறதே என்று போட்டால், சில நாள் தாங்கிவிட்டு வழியத் தொடங்கும்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது?

என் வரிசையைச் சொல்கிறேன். முதலில் வண்டி நிறுவனத்தின் பெயரில் வரும் உதிரிபாகம். தினசரி ஓட்டும் ஸ்பிளெண்டர், ஷைன், பல்சர், அப்பாச்சி போன்ற வண்டிகளுக்கு இதைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. சீலின் விலை வேலைக்கூலியோடு ஒப்பிட்டால் சிறியது. அது கிடைக்காவிட்டால், ஃபோர்க் செய்யும் நிறுவனங்கள் தங்கள் பெயரில் விற்பவற்றைப் பாருங்கள். எண்டூரன்ஸ், கேப்ரியல், முஞ்சால் ஷோவா ஆகியவை இந்திய வண்டிகளுக்கு ஃபோர்க் செய்து கொடுப்பவை. அடுத்து, சீல் தயாரிப்பில் பெயர் பெற்ற ஜப்பானின் என்ஓகே, பேரிங்கோடு சீலும் செய்யும் சுவீடனின் எஸ்கேஎஃப் போன்றவை. எஸ்கேஎஃப்பின் பச்சை நிற ஃபோர்க் சீல் உராய்வு குறைந்தது. ஆனால் எல்லா இந்திய வண்டி அளவிலும் கிடைக்காது. பெரிய வண்டியில் மலை ஏறி இறங்குபவர்களுக்கு அந்தச் செலவு பொருந்தும். மண்டிக்குப் போய்வரும் வண்டிக்கு அது ஆடம்பரம்.

பெயரில்லாத பாலித்தீன் பையில் வரும் சீலை வாங்காதீர்கள். நம் மாவட்டத்தில் இதற்கென்றே ஒரு கதை புழங்க வாய்ப்பு உண்டு. ஓசூரில் டிவிஎஸ் மோட்டாரின் தொழிற்சாலை இருக்கிறது, கேப்ரியலின் ஆலையும் அங்கே இருக்கிறது. ஆகவே "ஆலையிலிருந்து நேராக வந்த சரக்கு" என்று யாராவது சொன்னால் நம்பத் தோன்றும். ஆலையிலிருந்து முறையாக வெளியே வரும் உதிரிபாகம் உறையோடுதான் வரும். உறையில் பாக எண், நிறுவன முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், ஆண்டு எல்லாம் இருக்கும். இல்லாவிட்டால் அது எங்கிருந்து வந்தது என்பதை விற்பவரும் அறியார்.

பெட்டியில் தேதி பழையதாக இருக்கிறது. வாங்கலாமா?

ரப்பர் அலமாரியிலும் மூப்படையும். வெயிலும் சூடும் அதை விரைவுபடுத்தும். கடை முகப்பில் கொக்கியில் வெயில் படத் தொங்கும் சரக்கைவிட, உள்ளே பெட்டியில் இருப்பதைக் கேளுங்கள். கையில் வாங்கியதும், மாம்பழத்தை அமுக்கிப் பார்ப்பதுபோல் உதட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். வளைந்து உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். வெடிப்பு, விறைப்பு, வெளுப்பு இருந்தால் வேண்டாம். உட்பக்கம் இருக்கும் மெல்லிய சுருள் கம்பி துருப்பிடிக்காமல், இடம் நழுவாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு பக்கம்தான் கசிகிறது. ஒன்று மட்டும் மாற்றினால் போதாதா?

இரண்டையும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே தூரம் ஓடியவை. தவிர, ஒரு பக்கம் புது எண்ணெயும் மறுபக்கம் பழைய எண்ணெயும் இருந்தால் இரு பக்கமும் ஒன்றுபோல் வேலை செய்யாது.

டஸ்ட் சீலையும் மாற்ற வேண்டுமா? அது நன்றாகத்தானே இருக்கிறது?

நம் ஊரில் அது முதலில் மாற்ற வேண்டிய பொருள். கிரானைட் குவாரி லாரிகள் ஓடும் சாலைகளில் பறக்கும் துகள், கண்ணுக்கு மாவு போலத் தெரிந்தாலும், ரப்பரைத் தேய்க்கும் கடினமான கல். டஸ்ட் சீல் விறைத்துப் பைப்பை விட்டு விலகியதும் அந்தத் துகள் ஆயில் சீலின் மேல் உட்கார்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு குழியிலும் பைப் அதைத் தேய்த்துக்கொண்டே ஓடுகிறது. மழைநீரும் அங்கே தேங்கி லாக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கழற்றும்போது லாக் கம்பி சிவப்பாக இருந்தால் டஸ்ட் சீல் வெகுகாலம் முன்பே செயலிழந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். கம்பியையும் சேர்த்து மாற்றுங்கள்.

வாட்டர் வாஷ் கடையில் அழுத்தத் தண்ணீரை நேராக டஸ்ட் சீலை நோக்கிப் பீய்ச்ச விடாதீர்கள். வெளியே இருக்கும் மண்ணை உள்ளே தள்ளுவதற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை.

குவாரி, செங்கல் சூளை, வயல் பாதை என்று தினமும் ஓடுபவர்கள் பைப்பை மூடும் மடிப்பு ரப்பர் உறை போடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உறைக்குள் ஈரம் தங்கினால் பைப் கண்ணுக்குத் தெரியாமலே துருப்பிடிக்கும். மழைக்காலம் முடிந்ததும் உறையைத் தூக்கிப் பார்த்துத் துடைப்பதாக இருந்தால் மட்டும் போடுங்கள்.

பைப்பில் சிறு குழிகள் தெரிகின்றன. புது சீல் போட்டால் சரியாகுமா?

ஆகாது. இதை மறைத்து சீலை மட்டும் விற்பதால்தான் "கம்பெனி சீலே இரண்டு மாதம்தான் வருகிறது" என்ற பேச்சு பரவுகிறது. பைப்பின் குரோம் பூச்சில் கல் பட்டோ துருப்பிடித்தோ குழி விழுந்தால் அதன் ஓரம் கூர்மையாக இருக்கும். அந்த ஓரம் ஒவ்வொரு முறையும் சீலின் உதட்டை வெட்டுகிறது. குழி தன் பங்குக்கு எண்ணெயை ஏந்தி வெளியே கொண்டு வருகிறது.

முதலில் குழி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பைப்பில் டஸ்ட் சீலுக்குச் சற்று மேலே ஒரு பிளாஸ்டிக் டேக்கைத் தளர்வாகக் கட்டிவிட்டு வழக்கமான பாதையில் ஓட்டுங்கள். டேக் எவ்வளவு மேலே தள்ளப்பட்டதோ அதுவரைதான் சீல் அன்றாடம் ஓடுகிறது. பெரிய பள்ளத்துக்கென்று இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே, பைப்பை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை ஒட்டி இருக்கும் துரு பார்வைக்கு அசிங்கமே தவிர சீலைத் தொடாது.

ஓடும் பகுதியில் இருந்தால் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்காத அளவுக்குக் கறை மட்டும் என்றால், 1000 முதல் 2000 எண் வரையுள்ள எமரி தாளை எண்ணெயில் நனைத்துப் பைப்பைச் சுற்றிய வாக்கில் தேய்த்து மழமழப்பாக்கலாம். மேலிருந்து கீழாக நீளவாக்கில் தேய்க்கக் கூடாது. அந்தக் கீறல்களே எண்ணெய் ஏறிவரும் வாய்க்கால்களாகிவிடும். ஒன்றிரண்டு ஆழமான குழிகள் என்றால் எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்த பின் மட்டமாகத் தேய்க்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. புது பைப் வரும்வரை அது ஓடும். நிரந்தரத் தீர்வாக எண்ணாதீர்கள்.

குழிகள் பரவலாக இருந்தால் புது பைப் அல்லது மறு ஹார்டு குரோம், அதாவது கடினமான குரோம் பூச்சை மீண்டும் ஏற்றுவது. பைப் எளிதாகக் கிடைக்கும் வண்டிக்குப் புதிதே வாங்குங்கள். யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற பழைய வண்டிகளில் அசல் பைப்பைக் காப்பாற்ற நினைப்பவர்கள் மறு குரோம் செய்வார்கள். பூச்சு ஏற்றிய பிறகு மீண்டும் சரியான விட்டத்துக்குச் சாணை பிடித்துத் தருகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வெறும் பளபளப்புக்குப் பூசும் அலங்கார குரோம் இந்த வேலைக்கு ஆகாது.

குழி பின்பக்கம் வருமாறு பைப்பைத் திருப்பி வைத்தால் போதும் என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். முன்பக்கம் புதிதாகக் கல்லடி படும் இடத்தை அது மாற்றலாம். சீல் பைப்பை முழு வட்டமாகத் தொடுவதால் கசிவு அப்படியேதான் இருக்கும்.

எந்த எண்ணெய், எவ்வளவு?

வண்டியின் கையேட்டில் சொன்ன ரகம், சொன்ன அளவு. பல வண்டிகளுக்கு 10டபிள்யூ ஃபோர்க் ஆயில்தான் என்றாலும் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். என்ஜினில் ஊற்றி மிச்சமான, அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-40 ஆயிலை ஃபோர்க்கில் ஊற்றினால் சீல் உடனே கெடாது. ஆனால் முன்பக்கம் மரக்கட்டையாகிவிடும்.

அளவு விஷயத்தில் தாராளம் காட்டக் கூடாது. ஃபோர்க்கின் மேல்பகுதியில் எண்ணெய்க்கு மேலே காற்றுக்கு இடம் இருக்க வேண்டும். எண்ணெய் கூடினால் அந்த இடம் சுருங்கி, வண்டி பள்ளத்தில் இறங்கும்போது அழுத்தம் எகிறி, சீலை மேலே தள்ளும். புது சீல் வந்த வாரமே கசிந்தால் இதையும் சந்தேகியுங்கள். அளவுக் குவளையில் அளந்து ஊற்றச் சொல்லுங்கள், இரு பக்கமும் ஒரே அளவில்.

பட்டறையில் நின்று எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

சாதாரண ஃபோர்க்கில் சீலின் சுருள் கம்பி உள்ள முகம் கீழ்நோக்கி, எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். எண்கள் பொறித்த முகம் மேலே. கேடிஎம் டியூக் போன்ற அப்சைடு டவுன் ஃபோர்க்கில் எண்ணெய் சீலுக்கு மேலே இருப்பதால், கம்பி உள்ள முகம் மேல்நோக்கி இருக்கும்.

பைப்பின் மேல்முனை கூர்மையாக இருக்கும். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி, ஃபோர்க் ஆயில் தடவி, அதன் வழியாகச் சீலை இறக்க வேண்டும். பிறகு சீலை உட்கார வைப்பதற்கு அதற்கான குழாய்க் கருவியோ, சரியான விட்டத்தில் வெட்டிய பிவிசி குழாயோ வேண்டும். நடுவில் பழைய சீலை வைத்து அடித்தால் புதியதற்கு அடி விழாது. ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்துச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி அடிப்பதைக் கண்டால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள். அண்ணன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அடி ஆலன் போல்ட்டுக்குப் புது செம்பு வாஷர் போடச் சொல்லுங்கள். எல்லாம் மாட்டிய பின், அச்சை முழுதாக இறுக்குவதற்கு முன் முன்பக்கத்தைப் பலமுறை அமுக்கி விட வேண்டும். இரண்டு கால்களும் தாமாக நேராக உட்கார்ந்த பிறகு இறுக்கினால் பைப் ஒருபக்கமாக உராயாது.

எல்லாம் செய்தும் மீண்டும் கசிகிறது.

முதல் சில நாளில் தெரியும் மெல்லிய ஈரம், பொருத்தும்போது தடவிய எண்ணெயாக இருக்கலாம். துடைத்துவிட்டுக் காத்திருங்கள். அதன் பிறகும் வளையம் கட்டினால் பைப் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வண்டி எப்போதாவது நேருக்கு நேர் மோதியிருந்தால் இந்தச் சந்தேகம் முதலில் வர வேண்டும். பைப்பைக் கழற்றித் தட்டையான கண்ணாடியின் மேல் உருட்டினால், வளைவு இருக்கும் இடத்தில் அடியில் வெளிச்சம் தெரியும். பைப்பை ஆடாமல் தாங்கும் வளையமான புஷ் உள்ள ஃபோர்க்கில் அந்தப் புஷ் தேய்ந்து பைப் ஆடினாலும் எந்த சீலும் நிற்காது. சீல் உட்காரும் துளையின் சுவரில் ஸ்க்ரூடிரைவர் கீறல் இருந்தால் எண்ணெய் சீலின் வெளிப்புறம் வழியாக ஏறும். முந்தைய முறை சீலைக் குத்தி நெம்பி எடுத்தவரின் கைவேலை அது.

பழைய வண்டிக்கு இங்கே எந்தக் கடையிலும் சீல் இல்லை. எங்கே போவது?

ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கம்தான். தருமபுரியிலிருந்து சேலமும் அருகே. போவதற்கு முன் பழைய சீலையும், முடிந்தால் பைப்பையும் கழற்றிக் கையில் எடுத்துச் செல்லுங்கள். தொலைபேசியில் வண்டியின் பெயரைச் சொல்லிக் கூரியரில் வரவழைப்பவர்கள், மூன்று எண்களையும் எழுதி அனுப்பிப் பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னுடையது பழைய ஆக்டிவா. அதற்கும் இதே சீலா?

இல்லை. 2020-இல் வந்த ஆக்டிவா 6ஜிக்கு முந்தைய மாடல்களில், ஆக்டிவா 125 தவிர, முன்பக்கம் இந்த வகை ஃபோர்க்கே கிடையாது. சக்கரத்தின் அருகே இருக்கும் சிறிய ஷாக் அப்சார்பர்கள்தான் வேலை செய்கின்றன. அவை கசிந்தால் ஜோடியாக முழுதாக மாற்றுவதுதான் வழக்கம். 6ஜி முதல், பைப் உறைக்குள் மேலும் கீழும் ஓடும் டெலஸ்கோபிக் ஃபோர்க் என்பதால் மேலே சொன்னவை பொருந்தும்.